விளக்கும் கழிவும்: மின்கட்டணச் சலுகையின் சொல்லும் வரலாறும்

முன்னுரை



மொழியியல் பயின்றவர் மின்கட்டணத்தைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஈராண்டுகளுக்கு முன்பு, ஜொகூர் பாருவின் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவர் தம் மின்கட்டணச் சீட்டை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். சீட்டு மலாயில் இருந்தது. அதில் 'ரெபாட்' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு தொகை இருந்தது. "பேரன் இதைக் கழிவுன்னு சொல்றான் ஐயா. கழிவுன்னா நான் கட்டணுமா, அவங்க கட்டுறாங்களா?" என்று கேட்டார். அது அரசு ஏற்கும் தொகை என்று விளக்கினோம். சற்று நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்படின்னா பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு ஏங்க இது வரல? எங்களவிட கஷ்டப்படுறவ அவதானே?" என்றார்.

முதற் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடிந்தது. இரண்டாவதற்கு முடியவில்லை. வறிய குடும்பங்களுக்கான மின்கட்டணச் சலுகை இந்நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் அது எதை அளந்து யாருக்குக் கொடுத்தது, அதற்கு இடப்பட்ட பெயர்கள் நமக்கு எதைச் சொல்கின்றன என்பவற்றைத் தேடத் தொடங்கினோம். அத்தேடலே இவ்வுரை. இதில் 'அலகு' என்று நாம் குறிப்பது ஒரு கிலோவாட்-மணி மின்சாரத்தை.

1. நிவந்தமும் இறையிலியும்

விளக்கெரிக்கும் செலவை ஒருவருக்காக மற்றொருவர் ஏற்பது தமிழருக்குப் புதிதன்று. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு வைத்த நிவந்தங்கள் ஏராளம். ஒரு விளக்கு இடையறாது எரிய 90 அல்லது 96 ஆடுகள் வழங்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 என்பதே வழக்கம். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறந்த ஆட்டுக்கு ஈடாகப் பிறந்த ஆடு சேர்வதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பது கருத்து. 'சாவா மூவாப் பேராடு' என்ற கல்வெட்டு வழக்கு இதனின்று பிறந்தது.

இவை இறைவனுக்கு ஏற்றிய விளக்குகள். ஏழையின் குடிசைக்கு ஏற்றியவை அல்ல. எனினும் அவ்வாவணங்களின் ஒழுங்கு கருதத்தக்கது. எத்தனை விளக்கு, எவ்வளவு நெய், கொடுத்தவர் யார், அளப்பவர் யார் ஆகிய நான்கும் ஊரார் பேசும் மொழியிலேயே கல்லில் வெட்டப்பட்டன.

அக்கல்வெட்டுகளில் பயிலும் மற்றொரு சொல் 'இறையிலி'. இறை என்பது வரி. அது நீக்கப்பட்ட நிலம் இறையிலி. நிவந்தத்தில் ஒருவர் பொருளை எடுத்துக் கொடுக்கிறார். இறையிலியில் வாங்க வேண்டியதை அரசு வாங்காமல் விடுகிறது. பின்னாளில் கொடை நிலத்தைக் குறித்த 'மானியம்' என்ற வடசொல்லை இன்று அரசு உதவிக்குப் பயன்படுத்துகிறோம். கொடுப்பதும் வாங்காது விடுவதுமாகிய இவ்விரு வழிகளையும் இன்றைய மின்கட்டணச் சலுகைகளிலும் காணலாம்.

2. தோட்டத்து வெளிச்சம்

மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949-இல் தோன்றியது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. 1990-இல் அதன் பணிகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றது. தீபகற்பத்து நகரங்களின் மின்வரலாறு பெரும்பாலும் இவ்வழியில் செல்வது. தோட்டங்களின் வரலாறு சற்று வேறானது.

நாம் பிறந்து வளர்ந்தது ஜொகூரின் உட்பகுதியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். நம் சிறு வயதில் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. துரை பங்களாவுக்கு ஜெனரேட்டர் இருந்தது. பிற்பாடு அதிலிருந்து லயத்துக்கும் கம்பி இழுத்தார்கள். அந்தி சாய்ந்ததும் வெளிச்சம் வரும். இரவு பத்து மணியளவில் எந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு குமிழ் விளக்கு. மீட்டர் என்ற பொருளை அங்கே எவரும் பார்த்ததில்லை. வெளிச்சம் துரையினுடையது, எப்போது வரும், எப்போது போகும் என்பதை அவரே தீர்மானித்தார். கட்டணமும் இல்லை, கேள்வியும் இல்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்த சட்டம் 1990-இல் விரிவாக்கப்பட்டு வந்தது. அதில் முதலாளியின் கடமைகளைச் சொல்லும் பகுதியை மொழி மாணவர்கள் ஒருமுறை கூர்ந்து படிக்க வேண்டும். குழாய்நீரைப் பற்றிச் சொல்லும்போது 'இலவசமான, போதிய' என்று இரண்டு அடைமொழிகள் வருகின்றன. அடுத்து மின்சாரத்தைச் சொல்லும்போது 'போதிய' என்பது மட்டுமே எஞ்சுகிறது. ஓர் அடைமொழி விடுபட்டதன் பொருள், மின்சாரம் வீட்டுக்கு வரவேண்டும். அதன் செலவு முதலாளியின் கடமையாகச் சொல்லப்படவில்லை என்பதாகும்.

தெப்ராவ், உலு திராம், மாசாய், மவுண்ட் ஆஸ்டின் என இந்நகரைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பலவும் பின்னர் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நகரத்தின் மலிவு விலை வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் குடியேறின. மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கும் பழக்கம் பலருக்கு அங்கேதான் தொடங்கியது. 'மீட்டர் ஓடுது, விளக்க அணை' என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்குத் தொடராயிற்று.

3. உயிர்நாடிக் கட்டணம்

ஒரு குடும்பம் உயிர்வாழத் தேவையான சிறிதளவு மின்சாரத்தை மலிவாகத் தரவேண்டும் என்ற கருத்து 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் உலகெங்கும் வலுப்பெற்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. தென்னாப்பிரிக்கா 2003-இல் வறிய குடும்பங்களுக்கு மாதம் 50 அலகு இலவசம் என அறிவித்தது. கடலில் தத்தளிப்பவருக்கு வீசும் கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் இக்கட்டணம் அழைக்கப்படுகிறது. நாம் இதனை உயிர்நாடிக் கட்டணம் எனலாம்.

தீபகற்ப மலேசியாவில் வீட்டுப் பயனீட்டின் முதல் 200 அலகுகளுக்கு, அலகு ஒன்றுக்கு 21.8 காசு என்ற விலை 1997 முதல் நிலைத்தது. 2008, 2011, 2014 ஆகிய ஆண்டுகளில் கட்டணம் உயர்ந்தபோதும் இவ்விலை தொடப்படவில்லை. 2014-இல் அடுத்த 100 அலகுகளின் விலை 33.4 காசு, அதற்கும் மேல் 600 வரை 51.6 காசு. விண்ணப்பமோ பெயர்ப்பதிவோ இன்றி, எல்லா வீடுகளுக்கும் முதல் 200 அலகு இவ்விலைக்கே கிடைத்தது. முன்பு சொன்ன இறையிலியைப் போன்றது இது: வாங்க வேண்டியதில் ஒரு பகுதியை வாங்காமல் விடுவது.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தனியாக வாழும் ஒருவர் மாதம் 180 அலகு பயன்படுத்தினால் கட்டணம் 39 வெள்ளி 24 காசு. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை எண்மர் வாழும் வீட்டில் 400 அலகு செலவானால், மேற்சொன்ன படிநிலைகளின்படி கட்டணம் 128 வெள்ளி 60 காசு. தனியரின் பங்கு 180 அலகு. எண்மர் வீட்டில் ஒருவர் பங்கு 50 அலகு. சிக்கனமாக வாழ்பவர்கள் எண்மரே. ஆயினும் அவர்களுடைய கடைசி 100 அலகும் 51.6 காசு என்ற படிக்கு ஏறிவிடுகின்றன. மீட்டர் மின்சாரத்தை எண்ணுகிறது. வீட்டிலுள்ள தலைகளை எண்ணுவதில்லை. இக்குறை பின்வந்த திட்டங்களிலும் தொடர்வதைக் காண்போம்.

4. 20 வெள்ளியிலிருந்து 40 வெள்ளிக்கு

2008-ஆம் ஆண்டு ஜூலையில் கட்டணம் உயர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல், மாதக் கட்டணம் 20 வெள்ளிக்கு மிகாத வீடுகளின் கட்டணத்தை அரசே முழுமையாக ஏற்றது. தற்காலிகமாக அறிவிக்கப்பட்ட இத்திட்டம் 2018 இறுதிவரை நீடித்தது.

20 வெள்ளிக்கு எவ்வளவு மின்சாரம்? 91 அலகு பயன்படுத்தினால் 19 வெள்ளி 84 காசு, கட்டவேண்டியது ஒன்றுமில்லை. 92 அலகாகிவிட்டால் 20 வெள்ளி 6 காசு. அதை முழுவதும் கட்டவேண்டும். ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டி மாதம் 30 அலகு அளவில் எடுக்கும். நாள்தோறும் பத்து மணிநேரம் சுழலும் ஒரு மின்விசிறி 18 அலகு எடுக்கும். ஒரு பெட்டி, மூன்று விசிறி, சில விளக்குகள் என்றாலே எல்லைக்கோடு நெருங்கிவிடுகிறது. மாதக் கடைசியில் விசிறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஒரு நாள் விசிறி ஓடினால் அம்மாதம் முழுவதற்கும் 20 வெள்ளி கட்டவேண்டும் என்ற அச்சம் அவர்களுக்கு.

இத்திட்டத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஆளில்லாத வீட்டின் கட்டணமும் 20 வெள்ளிக்குள் அடங்கும். விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வசதியான வீட்டின் கட்டணமும் அடங்கும். குறைந்த பயனீடு வறுமையின் அடையாளமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

எனவே 2019-ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அளவுகோல் மாற்றப்பட்டது. வறுமை பற்றிய தேசியத் தரவுத்தளமான 'இ-காசே'யில் பதிவுபெற்ற வறிய, மிக வறிய குடும்பங்களுக்கு, 2019 ஜனவரி முதல் மாதம் 40 வெள்ளி வரை கழிவு என அறிவிக்கப்பட்டது. அறிவிப்பில் சொல்லப்பட்ட குடும்பங்கள் 185,000. 40 வெள்ளி என்பது 183 அலகுக்கான விலை. கட்டணம் அதைத் தாண்டினால் மிகுதியை மட்டும் கட்டினால் போதும்; பழைய திட்டத்தின் எல்லைக்கோட்டு அச்சம் இங்கே இல்லை. தொகையும் இருமடங்கு. இவை மெய்யான முன்னேற்றங்கள்.

ஆனால் மீட்டரின் இடத்தில் பெயர்ப்பட்டியல் வந்து அமர்ந்தது. முன்பு சலுகை தானே வந்தது. இப்போது பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். பெயர் இருக்க ஒருவர் கேட்கவேண்டும். கேட்க, கேட்கலாம் என்ற செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதுவரை 20 வெள்ளிக்குள் வாழ்ந்து, பட்டியலில் இடம்பெறாத ஏழைக் குடும்பங்கள் 2019-இன் முதல் மாதத்தில் இருந்ததையும் இழந்தன.

முன்னுரையில் சொன்ன மூதாட்டியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவருடைய பெயர் பட்டியலில் இருந்தது; பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் இல்லை. பிள்ளைகளோடு தனியே வாழும் அப்பெண்ணை நாம் சந்தித்து, பதியும் முறையைச் சொன்னோம். "பந்துவான் கேட்டு நிக்கிற அளவுக்கு நாங்க இன்னும் போகலைங்க ஐயா" என்றார். 'பந்துவான்' என்ற மலாய்ச் சொல்லுக்கு உதவி என்று பொருள். அவர் செவியில் அது கையேந்துதலாக ஒலித்தது. 20 வெள்ளிக் காலத்தில் அவர் எவரிடமும் கையேந்த நேர்ந்திருக்காது.

5. பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. மக்கள் வீட்டிலேயே இருந்ததால் வீட்டு மின்பயனீடு கூடியது. ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குப் பயனீட்டின் அளவைப் பொறுத்து 50, 25, 15 விழுக்காடு எனக் கழிவு அறிவிக்கப்பட்டது. 200 அலகு வரை 50 விழுக்காடு. பயனீடு ஏற ஏற விகிதம் இறங்கி, 600 அலகோடு முடிந்தது.

அக்காலத்தில் மீட்டர் பார்ப்பவர்கள் வீடுகளுக்கு வர இயலவில்லை. மதிப்பீட்டின்படி வந்த கட்டணமும் பின்னர் ஒருசேர வந்த கட்டணமும் மக்களைத் திகைக்க வைத்தன. அந்த மனக்குறைகளை அடுத்து ஜூன் மாதத்தில் வந்த முடிவு இவ்வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதங்களுக்கு, மாதம் 77 வெள்ளி எல்லா வீடுகளுக்கும் தள்ளுபடி செய்யப்பட்டது. 77 வெள்ளி என்பது சரியாக 300 அலகின் விலை. 300 அலகுக்குள் அடங்கிய வீடுகள் கட்டணமே செலுத்தவில்லை. மிகுதியாகப் பயன்படுத்திய வீடுகளுக்கும் அதே 77 வெள்ளி கழிந்தது. பட்டியலும் எல்லைக்கோடும் இன்றி மூன்று மாதம் இந்நாட்டு வீடுகளில் விளக்கெரிந்தது. எண்மர் வாழ்ந்த வீட்டுக்கும் அது கிடைத்தது.

2021 ஜூலையில் வந்த அடுத்த உதவித்திட்டம் மீண்டும் படிநிலைக்குத் திரும்பியது. 200 அலகு வரை 40 விழுக்காடு, 300 வரை 15, 600 வரை 10, 900 வரை 5 என்று அது அமைந்தது.

6. பிற ஊர்களின் அளவுகோல்கள்

நம் வீட்டுக் கூடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் சிங்கப்பூர் இருக்கிறது. 2012 முதல் அங்கு நடைமுறையிலுள்ள 'யூ-சேவ்' கழிவு, மீட்டரையும் பெயர்ப்பட்டியலையும் விட்டு, வீட்டின் அளவை நோக்குகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு சிறியதாயின் கழிவு மிகுதி, பெரியதாயின் குறைவு. விண்ணப்பிக்க வேண்டியதில்லை, பயனீட்டுக் கணக்கில் நேரே வரவு வைக்கப்படுகிறது. 2020-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வாழும் குடும்பங்களுக்கு வழக்கமான தொகையின் இரண்டரை மடங்கு வழங்கப்பட்டது. தலைகளை எண்ண முடியும் என்பதற்கு நீரிணைக்கு அக்கரையிலேயே சான்று உண்டு.

தமிழ்நாட்டில் குடிசைகளுக்கு ஒரு விளக்கு என்ற அளவில் தொடங்கிய சலுகை, 2016 மே 23 முதல் எல்லா வீடுகளுக்கும் இரு மாதங்களுக்கு 100 அலகு இலவசம் என விரிந்தது. யார் ஏழை என்று கேட்காததால் ஏழை எவரும் விடுபடவில்லை. வசதியுள்ளவர்களுக்கும் கிடைத்ததால் அரசின் செலவு பெருகியது. கலிபோர்னியாவின் 'கேர்' திட்டம் வருமானத்தைக் கேட்கிறது. ஆனால் அவ்வருமான வரம்பு குடும்பத்தினர் எண்ணிக்கைக்கேற்ப உயர்கிறது.

இவ்வாறு மீட்டர், பெயர்ப்பட்டியல், வீட்டின் அளவு, குடும்பத்தினர் எண்ணிக்கை, எவரையும் விலக்காத பொதுமை என ஐந்து அளவுகோல்கள் நம் முன் உள்ளன. ஒவ்வொன்றும் யாரையோ தவறவிடும், அல்லது தேவையற்ற யாருக்கோ கொடுக்கும். தவறவிடப்படுபவர் யார் என்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நம்மால் செய்யக்கூடியது.

7. உதவி ஊக்கமான கதை

2025 ஜூலை முதல் நாள் தீபகற்பத்தின் கட்டண அமைப்பு மாறியது. 28 ஆண்டுகள் நிலைத்த 21.8 காசு மறைந்தது. மின்சாரம், கொள்ளளவு, வலையமைப்பு எனக் கட்டணம் பிரிக்கப்பட்டு, பெரும்பாலான வீடுகளுக்கு அலகு ஒன்றுக்கு மொத்தம் 44.43 காசு ஆனது. அதிலிருந்து 200 அலகுக்குள் பயன்படுத்துவோருக்கு அலகுக்கு 25 காசு திருப்பித் தரப்படுகிறது. எஞ்சுவது 19.43 காசு, முந்தைய விலையினும் குறைவு. 600 அலகு வரை மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் இல்லை. தொகையளவில் சிறு பயனீட்டாளர்கள் இழந்தது ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 25 காசின் பெயரைக் கவனியுங்கள். அது 'எரிசக்தித் திறன் ஊக்கத்தொகை'. பயனீடு கூடக்கூட அது படிப்படியாகக் குறைந்து, 1,000 அலகுக்கு மேல் இல்லாமற் போகிறது. விலையில் கலந்திருந்த உயிர்நாடி, இப்போது சிக்கனத்துக்கான பரிசாகத் தனியே நிற்கிறது. குளிர்சாதனம் வாங்க வழியில்லாதவரின் குறைந்த பயனீட்டைத் திறன் என்று இச்சொல் பாராட்டுகிறது. எண்மர் வாழும் வீட்டைத் திறன் குறைந்ததென மதிப்பிடுகிறது. தலைக்கு 50 அலகில் வாழ்பவர்களை அவ்வாறு சொல்வது பொருந்துமா என்பதே நம் வினா.

முடிவுரை

நிவந்தம், இறையிலி, மானியம், கழிவு, தள்ளுபடி, உதவி, ஊக்கம். இவற்றை அகராதியில் அடுத்தடுத்து வைத்துவிடலாம். வாழ்வில் அவை ஒரே பொருளைத் தருவதில்லை. 'மானியம்' எனில் வாங்குபவருக்கு நாணமில்லை. 'உதவி' எனில் ஒரு தாய் படிவத்தைத் தொடத் தயங்குகிறார். 'ஊக்கம்' எனில் எண்மர் வீடு பின்வரிசைக்குப் போகிறது.

இப்பேரவையிடமும் இங்குள்ள அமைப்புகளிடமும் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மின்கட்டணச் சீட்டில் வரும் மலாய்ச் சொற்களுக்கு ஓரிரு பக்கத்தில் எளிய தமிழ் விளக்கம் அச்சிட்டு, கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் வழங்கலாம். இரண்டாவது, 'இ-காசே' பதிவுக்குத் துணை செய்யும் இளைஞர்கள், 'உதவி கேட்க வாருங்கள்' என்று அழைக்காமல், 'உங்கள் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பார்க்க வாருங்கள்' என்று அழைக்கலாம். மூன்றாவது, கட்டண அமைப்பைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும்போதெல்லாம், வீட்டிலுள்ள தலைகளையும் எண்ணுங்கள் என்ற கோரிக்கையை நம் அமைப்புகள் எழுத்தில் முன்வைக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் படிவத்தை வாங்கிச் சென்றிருக்கிறார். இவ்வுரையை எழுதி முடிக்கும் வரை அது நிரப்பப்பட்டு வரவில்லை. அடுத்த முறை செல்லும்போது அந்த மலாய்ச் சொல்லை விட்டுவிட்டு, அதே செய்தியை வேறு சொல்லால் சொல்லிப் பார்க்க இருக்கிறோம்.